குற்றப் பின்னணி விசாரணை: தனியார் துப்பறிவாளர் சட்டப்படி எதுவரை போகலாம்?

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ இன்று ஒரு ஹோட்டலுக்கு டிரைவர் எடுப்பதென்றாலும், மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதென்றாலும், "ஆளுக்கு ஏதாவது கேஸ் இருக்கா?" என்ற கேள்வி எப்படியும் வந்துவிடுகிறது. முன்பெல்லாம் கல்யாணமும் தோட்டத்துக்குள்ளே, வேலையும் தோட்டத்துக்குள்ளே. யார் எப்படிப்பட்டவர் என்பது லயத்துக்கே, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கே தெரியும். இப்போது பையன் கொழும்பில் ஒரு கடையில் சில வருடம், அப்புறம் கட்டார், திரும்பிவந்து நுவரெலியாவில் வாடகை வீடு என்று இருக்கிறான். அவனைப் பற்றி யாரிடம் கேட்பது? இந்த இடைவெளிக்குள்தான் விளம்பரங்கள் நுழைகின்றன. அடையாள அட்டை இலக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும், இரண்டு நாளில் 'பொலிஸ் ரெக்கோர்ட்' கையில் கிடைக்கும் என்கிறார்கள்.

இன்னொருவருடைய பொலிஸ் பதிவை அவருக்கே தெரியாமல் எடுத்துத் தர இலங்கையில் எந்தத் தனியாருக்கும் அதிகாரம் கிடையாது. அப்படியானால் துப்பறிவாளர் செய்யும் வேலைதான் என்ன, அதில் எது சட்டப்படியானது, மலையகத்தில் அந்த வேலை எங்கே வழுக்குகிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

பதிவு எங்கே இருக்கிறது?

ஒருவருடைய குற்ற வரலாறு முழுவதும் எழுதப்பட்ட ஒரே புத்தகம் எங்கும் இல்லை. ஒரு சம்பவத்தின் தடம் நான்கு இடங்களில் விழலாம்.

1. பொலிஸ் நிலையம். முறைப்பாட்டுப் புத்தகத்தில் போடப்படும் என்ட்ரி. யாரும் யார்மீதும் என்ட்ரி போடலாம். தண்ணீர்க் குழாய்ச் சண்டைக்கும் போடலாம், கொலை மிரட்டலுக்கும் போடலாம். அது ஒருவர் சொன்ன குற்றச்சாட்டு, அவ்வளவுதான்.

2. நீதிமன்றம். பொலிஸார் தாக்கல் செய்யும் அறிக்கை, குற்றப்பத்திரம், நாளுக்கு நாள் எழுதப்படும் வழக்கேடு, கடைசியில் தீர்ப்பு.

3. பொலிஸ் குற்றப் பதிவுகள் பிரிவு. தண்டனை பெற்றவர்களின் விவரமும் கைரேகையும் இங்கே பேணப்படுகின்றன. பிரித்தானியர் காலத்துக் குற்றத் தடுப்புக் கட்டளைச் சட்டம்தான் இதற்கு அடிப்படை.

4. சிறைச்சாலைகள் திணைக்களம். உள்ளே போனவர், வெளியே வந்தவர் விவரம்.

முதலாவது, மூன்றாவது, நான்காவது இடங்கள் தனியாருக்குத் திறக்காது. இரண்டாவது மட்டும் ஓரளவு திறந்திருக்கிறது. துப்பறிவாளரின் உண்மையான வேலைக்களம் அதுதான்.

துப்பறிவாளர் என்பவர் யார் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். அவர் உங்களையும் என்னையும் போன்ற ஒரு குடிமகன். அடையாள அட்டையில் தங்க முத்திரை அச்சடித்து வைத்திருந்தாலும் பொலிஸ் அதிகாரம் அவருக்கு இல்லை. தனியார் பாதுகாப்பு முகவர் நிலையங்களை ஒழுங்குபடுத்த 1998ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதன்கீழ் பதிந்த நிறுவனமாக இருந்தாலும் யாரையும் அழைத்து விசாரிக்கவோ, வீட்டைச் சோதனை போடவோ, அரச பதிவேட்டைத் திறக்கவோ அந்தப் பதிவு உரிமை தராது. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 35ஆம் பிரிவு தனியார் ஒருவருக்குச் சில சந்தர்ப்பங்களில் கைதுசெய்யும் உரிமையைத் தருகிறது உண்மைதான். ஆனால் அது கண்ணெதிரே பாரதூரமான குற்றம் நடக்கும்போது எல்லோருக்கும் உள்ள உரிமை, துப்பறிவாளருக்கென்று கொடுத்ததல்ல.

'கேஸ் இருக்கு' என்றால் என்ன அர்த்தம்?

பின்னணி விசாரணையில் நடக்கும் அநியாயத்தில் பாதி இந்த ஒரு வார்த்தையால் வருவது. சட்டம் ஒருவரைப் பல படிகளில் வைத்துப் பார்க்கிறது. ஊர்ப் பேச்சில் எல்லாமே 'கேஸ்'.

என்ட்ரியில் பெயர் வந்தவர் வெறும் எதிர்த்தரப்பு. பொலிஸார் பிடித்து நீதவான் முன் நிறுத்தினால் சந்தேகநபர். அப்போது தாக்கல் செய்வது 'பீ அறிக்கை'. விசாரணை இன்னும் நடக்கிறது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. விளக்கமறியலில் இருந்தவரும் இந்தப் படியில்தான் நிற்கிறார். குற்றப்பத்திரம் வாசிக்கப்பட்ட பிறகுதான் அவர் எதிரி, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர். பாரதூரமான வழக்கென்றால் சட்டமா அதிபர் மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரம் தாக்கல் செய்வார். நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்த்தால்தான் குற்றவாளி. அதுவரை நிரபராதி என்றே கருதவேண்டும் என்பது அரசியலமைப்பின் 13(5) உறுப்புரை.

இதற்குள்ளும் சில நெளிவுகள் உண்டு. ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை பெற்றவர் ஒருநாள்கூடச் சிறையில் இருந்திராமல் இருக்கலாம், ஆனால் அவர் குற்றவாளியாகக் காணப்பட்டவர். இதற்கு நேர்மாறாக, குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 306ஆம் பிரிவின்கீழ், குற்றம் நிரூபணமானாலும் குற்றத்தீர்ப்புக்குப் போகாமலே நீதவான் ஒருவரை எச்சரித்தோ நிபந்தனையோடோ விடுவிக்கலாம். வயது, குணம், குற்றத்தின் அற்பத்தன்மை ஆகியவற்றைப் பார்த்துச் செய்வது அது. முதல்முறையாகச் சின்ன விஷயத்தில் மாட்டிய இளைஞருக்குக் கிடைக்கக்கூடிய வாய்ப்பு. அவரை 'கன்விக்ட்' என்று எழுதும் துப்பறிவாளர் பொய் எழுதுகிறார்.

மத்தியஸ்த சபையில் சமாதானமாகிய தகராறு, வாகனக் குற்றத்துக்குத் தபாற்கந்தோரில் கட்டிய ஸ்பொட் ஃபைன் (உடனடித் தண்டப்பணம்) இவை குற்றத்தீர்ப்புகள் அல்ல. கிரிப் அறிக்கையில் (கடன் தகவல் பணியகத்தின் அறிக்கை) கடன் நிலுவை தெரிந்தால் அதுவும் குற்றப் பதிவு அல்ல. அதைக் கேட்டுப் பெற வேண்டியவரும் சம்பந்தப்பட்ட ஆளே.

திறந்திருக்கும் வழிகள்

1. ஆளையே எடுத்துத் தரச் சொல்வது. கேட்கச் சப்பென்று இருக்கும், ஆனால் மிக உறுதியான வழி இதுதான். பொலிஸ் தலைமையகம் வழங்கும் பொலிஸ் கிளியரன்ஸ் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பவர் சம்பந்தப்பட்டவரே. பெரும்பாலும் வெளிநாட்டுப் பயணத் தேவைக்காக எடுப்பார்கள், இணையத்திலும் விண்ணப்பிக்கலாம். அவர் வசித்த இடங்களின் பொலிஸ் நிலையங்களிலும் விசாரித்துத்தான் அது வருகிறது. உள்ளூர் வேலை என்றால் பகுதிப் பொலிஸ் நிலைய அறிக்கையைக் கேட்பது வழக்கம். துப்பறிவாளர் இதில் செய்யக்கூடியது, சம்மதக் கடிதம் வாங்குவது, விண்ணப்பத்துக்கு உதவுவது, வந்த சான்றிதழ் போலியா என்று சரிபார்ப்பது. கடைசியில் சொன்னதைச் சின்ன வேலை என்று நினைக்கக்கூடாது. போட்டோகொப்பியை மட்டும் நீட்டும் விண்ணப்பதாரர்கள் உண்டு, மூலப்பிரதியைப் பார்க்காமல் ஏற்றுக்கொள்ளும் முதலாளிமாரும் உண்டு.

2. கிராம சேவகர் சான்றிதழ். வதிவிடமும் நற்சான்றும் சேர்ந்த இந்தப் படிவத்தில், விண்ணப்பதாரர் நீதிமன்றத்தால் குற்றவாளியாகக் காணப்பட்டிருக்கிறாரா என்று ஒரு வரி இருக்கிறது. பிரதேச செயலாளரின் மேலொப்பமும் வரும். ஆறு மாதம்வரை செல்லுபடியாகும். இதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறவர்கள் பலர். ஆனால் கிராம சேவகரிடம் குற்றப் பதிவேடு கிடையாது. தனக்குத் தெரிந்ததை எழுதுகிறார். ஒரு பிரிவுக்குள் பல தோட்டங்கள் அடங்கும் மலையகத்தில் அவருக்கு எத்தனை பேரை முகம் பார்த்துத் தெரியும்? இந்தச் சான்றிதழ் வதிவிடத்துக்கு நல்ல ஆதாரம். குணத்துக்கு அரைகுறை ஆதாரம்.

3. நீதிமன்றம். அரசியலமைப்பின் 106ஆம் உறுப்புரைப்படி நீதிமன்ற அமர்வுகள் பகிரங்கமானவை. குடும்ப விவகாரம், பாலியல் விடயம், தேசிய பாதுகாப்பு போன்றவற்றில் நீதிபதி மற்றவர்களை வெளியேற்றலாம், சிறுவர் வழக்குகள் மூடிய கதவுக்குள் நடக்கும். மற்றபடி நுவரெலியா, ஹட்டன், பதுளை, பண்டாரவளை, வெலிமடை, நாவலப்பிட்டி என்று எந்த நீதவான் நீதிமன்றத்திலும் போய் உட்கார்ந்து கேட்கலாம். போனை அணைத்துவிட்டு, பின்வாங்கில் உட்கார்ந்து, பெயர் கூப்பிடும்போது யார் எழுந்து கூண்டுக்குப் போகிறார் என்று பார்ப்பதும் குறிப்பெடுப்பதும் குற்றமல்ல. படமோ ஒலிப்பதிவோ எடுக்கக்கூடாது.

பழைய வழக்கு என்றால் ஏட்டைப் பார்க்க வேண்டும். நல்ல துப்பறிவாளர் இந்த இடத்தில் தானே கவுன்டரில் போய் நிற்க மாட்டார், ஒரு சட்டத்தரணியைப் பிடிப்பார். வழக்கு இலக்கம் தெரிந்தால், பிரதி எதற்குத் தேவை என்று காரணம் காட்டி சட்டத்தரணி மோஷன் (நீதிமன்றத்துக்கு எழுத்து விண்ணப்பம்) போடுவார். நீதிமன்றம் அனுமதித்தால் கட்டணம் கட்டி, பதிவாளர் உறுதிப்படுத்திய பிரதி கிடைக்கும். அனுமதிக்காமலும் விடலாம். சிக்கல் என்னவென்றால், நீதவான் நீதிமன்ற வழக்குகளைப் பெயரைத் தட்டித் தேடும் பொது இணையத்தளம் ஒன்று இல்லை. எந்த நீதிமன்றம், எந்த வருடம் என்று தெரிந்தால்தான் தேடலே தொடங்கும். அதனால்தான் துப்பறிவாளர் முதலில் ஆளின் வதிவிட வரலாற்றைக் கட்டுகிறார். எந்த வருடத்தில் எந்த ஊரில் இருந்தார் என்று தெரியாமல் "கேஸ் இல்லை" என்று எழுதுவதில் அர்த்தமே இல்லை.

4. மேல்முறையீட்டுத் தீர்ப்புகள். மேன்முறையீட்டு நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் தங்கள் தீர்ப்புகளை இணையத்தில் இடுகின்றன. பெரிய வழக்குகள் அங்கே அகப்படலாம். சில்லறை வழக்குகள் அங்கே போய்ச் சேர்வதே இல்லை.

5. பத்திரிகைகள். தடயம் பிடிக்க மட்டும் உதவும். "இளைஞர் கைது" என்பது செய்தியாகும், அவரே இரண்டு வருடம் கழித்து விடுதலையானால் பெரும்பாலும் செய்தியாகாது.

6. ஆட்களிடம் பேசுவது. பழைய முதலாளி, கங்காணி, தோட்டத் தலைவர், கோயில் கமிட்டிக்காரர், பக்கத்து வீட்டார் என்று எவரிடமும் கேட்கலாம். பதில் சொல்வது அவர்கள் விருப்பம். கேட்கும்போது தான் யார் என்பதை மறைத்துப் பொலிஸ் என்றோ வங்கி என்றோ காட்டிக்கொள்ளக்கூடாது. கேள்வியே குற்றச்சாட்டாக மாறிவிடவும் கூடாது. "அவன் திருட்டு கேஸில் உள்ளே போனவன்தானே?" என்று லயத்து வாசலில் நின்று கேட்டால் பொழுது சாய்வதற்குள் அது தோட்டம் முழுக்கத் தீர்ப்பாகிவிடும். "அவரை எவ்வளவு காலமாகத் தெரியும், எங்கே வேலை செய்தார், ஏன் நின்றார்" என்று கேட்பது வேறு.

குற்றவியல் அவதூறு 2002இல் சட்டப் புத்தகத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் மாவட்ட நீதிமன்றத்தில் அவதூறுக்கு நட்டஈடு கேட்கும் உரிமை அப்படியே இருக்கிறது. நம்முடைய ரோமன்-டச்சுச் சட்டத்தில் "நான் சொன்னது உண்மை" என்ற வாதம் மட்டும் காப்பாற்றாது. அதைச் சொன்னதால் பொதுநன்மை இருந்ததா என்றும் காட்ட வேண்டும். பத்து வருடத்துக்கு முந்திய கசிப்பு (கள்ளச்சாராய) வழக்கைத் தோண்டி எடுத்துக் கோயில் திருவிழாவில் பரப்புகிறவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

தகவல் அறியும் சட்டத்தைப் பலர் ஏழாவது வழியாக நினைக்கிறார்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தில் குடிமகன் யாரும் விண்ணப்பிக்கலாம், 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும் என்பதெல்லாம் சரி. ஆனால் 5ஆம் பிரிவு, பொதுநலனோடு தொடர்பில்லாத தனிப்பட்ட தகவலைத் தர மறுக்க அதிகாரம் தருகிறது. உங்கள் சம்பந்தியின் வழக்கு விவரம் அந்தக் கதவால் வராது. உங்களைப் பற்றி உள்ளதை நீங்களே கேட்பதற்குத்தான் அது உதவும்.

மலையகத்தில் பெயரே பெரிய சிக்கல்

ஏடு கிடைத்துவிட்டது, அதில் பெயரும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது நீங்கள் தேடும் ஆள்தானா? என் கணக்கில் முழு வேலையின் கஷ்டமும் இங்கேதான் இருக்கிறது. காசுக்கு வேலை செய்யும் பலர் தாண்டிப் போவதும் இதைத்தான்.

கே. செல்வராஜ் என்று ஒரு பெயரை எடுத்துக்கொள்வோம். மஸ்கெலியாவிலிருந்து பொகவந்தலாவ வரை எத்தனை செல்வராஜ் இருப்பார்கள் என்று எண்ண முடியாது. 'கே' என்பது அப்பா பெயரின் முதலெழுத்து. கருப்பையாவாக இருக்கலாம், கந்தசாமியாக இருக்கலாம், காளிமுத்துவாக இருக்கலாம். பொலிஸ் நிலையத்தில் சிங்களத்தில் எழுதுகிறார்கள். சான்றிதழுக்காக அதை ஆங்கிலமாக்கும்போது நடுவில் 'வீ' போடுவதா 'டபிள்யூ' போடுவதா, கடைசியில் ராஜா என்று நீட்டுவதா என்று எழுதுகிறவர் தீர்மானிக்கிறார். செக்ரோலில் (தோட்டத்தின் தொழிலாளர் பெயர்ப் பதிவேடு) உள்ள பெயர் ஒன்று, பிறப்புச் சான்றிதழில் ஒன்று, வீட்டில் கூப்பிடுவது 'குமார்' என்று இருக்கும். முறைப்பாட்டாளர் கூப்பிடும் பெயரைச் சொல்லியிருந்தால் ஏட்டில் 'குமார் எனும் செல்வராஜ்' என்று ஏறும். சில சமயம் வெறும் 'குமார்'.

இதற்குப் பின்னால் ஒரு வரலாறும் இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு பல தசாப்தங்கள் நம் மக்களில் பெருந்தொகையானோர் நாடற்றவர்களாக இருந்தார்கள். கடைசி மீதியைத் தீர்க்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரவேண்டியிருந்தது. பிறப்பைப் பிந்திப் பதிந்தவர்கள், அடையாள அட்டையை வயதுபோய் எடுத்தவர்கள், யாரோ ஒரு கிளார்க் எழுதிய எழுத்துப்பிழையோடு வாழ்நாளை ஓட்டியவர்கள் ஏராளம். ஒரே குடும்பத்தில் அண்ணன் தம்பி இருவருக்கும் அப்பா பெயர் வேறுவேறு எழுத்தில் இருப்பது இங்கே அதிசயமில்லை.

முகவரியும் கைகொடுக்காது. தனித்தனி வீட்டிலக்கம் இல்லாமல், தோட்டத்தின் பெயர் மட்டுமே முகவரியாக இருந்த நிலை நீண்டகாலம். கடிதமெல்லாம் தோட்டக் கந்தோருக்கு வரும். 'மேற்பிரிவு' என்று கூடப் போட்டாலும் அந்த ஒரு முகவரியில் நூற்றுக்கணக்கானவர்கள். கொழும்பில் பெயரும் முகவரியும் பொருந்தினால் ஏறக்குறைய ஆளைப் பிடித்துவிட்டதாக நினைக்கலாம். இங்கே இரண்டும் பொருந்தியும் ஆள் வேறாக இருக்கலாம். இதே காரணத்தால் ஒரு பொலிஸ் அறிக்கையோ நீதிமன்ற அறிவித்தலோ தோட்டக் கந்தோர் வழியாக வரும்போது, உரியவர் கைக்கு வருமுன் நாலுபேர் கண்ணில் பட்டுவிடுகிறது. விசாரணைக் கடிதங்களை அந்த முகவரிக்கு அனுப்பும் துப்பறிவாளர் அதையும் யோசிக்க வேண்டும்.

அப்படியென்றால் எதைக்கொண்டு உறுதிப்படுத்துவது? அடையாள அட்டை இலக்கம். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் கடைசியில் ஓர் எழுத்தும். முதல் இரண்டு பிறந்த வருடம், அடுத்த மூன்று வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. அந்த எண்ணிக்கையில் பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள். ஆகவே மார்ச் 14 என்றால் 074. பெண் என்றால் அதோடு 500 சேர்த்து 574. 2016 முதல் வரும் புதிய அட்டையில் 12 இலக்கம், வருடம் நான்கு இலக்கமாக எழுதப்படும், நாள் கணக்கு அதேதான். ஏட்டில் இலக்கம் இருந்தால் பிறந்த திகதியோடு ஒப்பிட்டுவிடலாம். ஆணின் ஏட்டில் 574 இருந்தால் எங்கோ பிழை. ஏட்டில் இலக்கமே இல்லாவிட்டால் வயது, அப்பா பெயர், அந்த வருடத்தில் ஆள் எங்கே இருந்தார் என்ற சான்று ஆகியவற்றில் குறைந்தபட்சம் இரண்டு பொருந்த வேண்டும். கட்டாரில் இருந்த காலத்தில் ஹட்டன் நீதிமன்றத்தில் தண்டம் கட்டியிருக்க முடியாது, கடவுச்சீட்டு முத்திரையே சாட்சி.

பொலிஸாரே பெயரை நம்புவதில்லை என்பதைக் கவனியுங்கள். தண்டனை பெற்றவருக்கு முன்குற்றம் உண்டா என்று பார்க்கக் கைரேகையைத்தான் அனுப்புகிறார்கள். கைரேகை வசதி இல்லாத தனியார் ஒருவர் பெயரை மட்டும் வைத்து "இவர்தான்" என்று எழுதினால் அந்த அறிக்கைக்குக் கொடுத்த காசு வீண்.

மூடிய கதவுகள்

"உள்ளே நமக்கு ஆள் இருக்கு" என்று ஒருவர் சொன்னால் அவர் விற்பது தகவல் மட்டும் அல்ல.

பொலிஸ் உத்தியோகத்தருக்குக் காசு கொடுத்துப் பதிவைப் பார்க்கச் சொல்வது இலஞ்சம். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழலுக்கு எதிரான சட்டத்தில் வாங்குபவரும் குற்றவாளி, கொடுப்பவரும் குற்றவாளி. துப்பறிவாளர் கொடுத்தார், எனக்குத் தெரியாது என்று வாடிக்கையாளர் ஒதுங்கலாம்தான். ஆனால் 'பொலிஸ் செலவு' என்று தனியாக ஒரு தொகையைக் கேட்டு வாங்கியிருந்தால் அந்த வாதம் எவ்வளவு தூரம் நிற்கும்?

அனுமதியில்லாமல் ஒரு கணினிக் கட்டமைப்புக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்கீழ் ஐந்து வருடம்வரை சிறைத்தண்டனைக்குரியது. ஒருவருடைய பேஸ்புக் கடவுச்சொல்லைக் கண்டுபிடித்து உள்ளே போவதும் இதில் அடங்கும். போன் அழைப்பு விவரத்தை நிறுவன ஊழியர் மூலம் வாங்குவது, பேச்சை ஒட்டுக்கேட்பது, தோட்டக் கந்தோருக்குப் போன்போட்டு "பொலிஸில் இருந்து பேசுகிறேன்" என்பது, இவை ஒவ்வொன்றும் தனித்தனிக் குற்றம். எடுத்த தகவலை ஒருவரைத் தொல்லைப்படுத்தும் நோக்கோடு இணையத்தில் போட்டால் 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்து சேரும். அந்தச் சட்டத்தைப் பற்றி நியாயமான விமர்சனங்கள் நிறைய உண்டு, ஆனால் சட்டம் நடைமுறையில் இருக்கிறது.

வெளிநாட்டு விளம்பரங்கள் ஏன் இங்கே செல்லாது?

இணையத்தில் தேடினால் வருபவை பெரும்பாலும் அமெரிக்க நிறுவனங்கள். அங்கே மாவட்டவாரியாக நீதிமன்றப் பதிவுகள் பெருமளவு பொதுமக்களுக்குத் திறந்தவை, அதனால் தனியார் அவற்றைத் திரட்டி விற்கிறார்கள். எஃப்பிஐயின் தேசியத் தரவுத்தளம் அங்கேயும் தனியாருக்குத் திறக்காது. 1970ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் நியாயமான கடன் அறிக்கைச் சட்டப்படி, வேலைக்காக இப்படியான அறிக்கை எடுக்குமுன் தனிப் பத்திரத்தில் அறிவித்து எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். அந்த அறிக்கையை வைத்து வேலையை மறுக்கப் போவதானால் முதலில் அதன் பிரதியை ஆளுக்குக் கொடுக்க வேண்டும். பிரித்தானியாவில் டிபிஎஸ் சான்றிதழ் (அரச குற்றப் பின்னணிச் சான்றிதழ்), அடிப்படை மட்டத்தில் ஆளே எடுத்துக்கொள்வது. கூடுதல் மட்டங்கள் குறிப்பிட்ட வேலைகளுக்கு மட்டும்.

லண்டனில் இருக்கும் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கவும் அவரிடமே டிபிஎஸ் சான்றிதழைக் கேட்பதுதான் நேர்வழி. அமெரிக்க இணையத்தளம் ஒன்றில் தமிழ்ப் பெயரைத் தட்டிப் பார்த்து வரும் பதிலுக்கும் தலவாக்கலையில் பிறந்த ஒருவருக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்காது.

தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்ன மாற்றுகிறது?

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், குற்றங்கள், குற்றவியல் நடவடிக்கைகள், குற்றத்தீர்ப்புகள் பற்றிய தரவை விசேட வகைத் தரவில் சேர்த்திருக்கிறது. உடல்நலத் தகவல், கைரேகை போன்றவை இருக்கும் அதே வரிசை. இதைக் கையாள ஆளின் சம்மதமோ சட்டம் குறிப்பிடும் வேறு காரணமோ வேண்டும். மீறினால் ஒரு கோடி ரூபாய்வரை தண்டம் விதிக்கலாம். முக்கிய விதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்து தள்ளிப்போடப்பட்டன. ஆனால் அறிக்கை என்பது பல வருடம் கோப்பில் கிடக்கும் பொருள். இன்று சம்மதமில்லாமல் சேர்த்து வைப்பவர் நாளைக்கு அதற்குத்தான் பதில் சொல்லிக் கொண்டிருப்பார்.

ஒரு நுணுக்கம் உண்டு. தனியாள் ஒருவர் முற்றிலும் வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவுக்குச் சட்டம் பொருந்தாது. மகளுக்காக அப்பா நாலுபேரிடம் விசாரிப்பது இதில் அடங்கும். அதையே காசு வாங்கித் தொழிலாகச் செய்யும் துப்பறிவாளர் அந்த நிழலில் ஒதுங்க முடியாது.

நல்ல அறிக்கை எப்படி இருக்கும்?

காசு கொடுக்குமுன் கேட்க வேண்டியவை அதிகமில்லை. நோக்கத்தை எழுதிய ஒப்பந்தம் உண்டா? வேலைக்கான விசாரணை என்றால் ஆளின் கையொப்பமிட்ட சம்மதக் கடிதத்தைக் கேட்கிறாரா? எந்த நீதிமன்றங்கள், எந்த வருடங்கள் என்று முன்கூட்டியே சொல்கிறாரா? வேலை முடிந்தபின் அடையாள அட்டைப் பிரதிகளை என்ன செய்வார்? இவற்றுக்கு நேரடியாகப் பதில் சொல்லாமல் "அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம்" என்றால் எழுந்து வந்துவிடலாம்.

அறிக்கையில் 'சுத்தமான ஆள்' என்ற சொல் வரக்கூடாது. பண்டாரவளை ஹோட்டல் டிரைவர் விடயத்தில் ஒரு நேர்மையான அறிக்கை ஏறக்குறைய இப்படி இருக்கும்: "விண்ணப்பதாரர் 2015 முதல் 2019வரை பண்டாரவளையிலும் அதன்பின் வெலிமடையிலும் வசித்ததாகச் சொன்னதை இரு முன்னாள் முதலாளிமார் உறுதிப்படுத்தினர். அவரே பெற்றுத்தந்த பொலிஸ் அறிக்கையின் மூலப்பிரதி பார்க்கப்பட்டது. அவர் குறிப்பிட்ட ஒரு வாகன விபத்து வழக்கின் உறுதிப்படுத்திய பிரதி சட்டத்தரணி மூலம் பெறப்பட்டது. தண்டப்பணம் செலுத்தப்பட்டு வழக்கு முடிவடைந்துள்ளது. ஏட்டிலுள்ள அடையாள அட்டை இலக்கம் பொருந்துகிறது. வேறு மாவட்டங்களில் தேடப்படவில்லை." தேடாத இடத்தைத் தேடவில்லை என்று எழுதும் அந்தக் கடைசி வரிதான் இந்தத் தொழிலில் ஆளை அளக்கும் இடம்.

ஏதாவது கிடைத்தால், முடிவெடுக்குமுன் ஆளிடம் காட்டி விளக்கம் கேட்க வேண்டும். அமெரிக்காவில் சட்டம் கட்டாயப்படுத்துவதை இங்கே நாமாகச் செய்யலாம். பழைய விபத்து வழக்கு டிரைவர் வேலைக்குப் பொருத்தமான கேள்வி. பதினெட்டு வயதில் நடந்த திருவிழாச் சண்டை சமையற்காரர் வேலைக்கு என்ன கேள்வி?

இன்னொருவர் வழக்கு உங்கள் பெயரில் வந்தால்

1. அறிக்கையின் பிரதியை எழுத்தில் கேளுங்கள். எந்த நீதிமன்றம், எந்த வழக்கு இலக்கம் என்பது இல்லாத குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

2. வழக்கு இலக்கம் கிடைத்தால் சட்டத்தரணி மூலம் அந்த ஏட்டின் உறுதிப்படுத்திய பிரதியை எடுத்து, எதிரியின் அடையாள அட்டை இலக்கம், வயது, அப்பா பெயர் மூன்றையும் உங்கள் பிறப்புச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். உங்கள் பெயரைக் காக்கத்தான் கேட்கிறீர்கள் என்பதால் மோஷனில் காட்டக் காரணம் இருக்கிறது.

3. உங்கள் பெயரில் பொலிஸ் அறிக்கையை நீங்களே எடுங்கள். அதிலும் பிழை வந்தால் அதே பொலிஸ் நிலையத்தில் எழுத்தில் திருத்தம் கேட்டு, கொடுத்த கடிதத்தின் பிரதியில் முத்திரையும் திகதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் உங்களைப் பற்றிய தகவலுக்கே தகவல் அறியும் விண்ணப்பம் போடலாம்.

4. வேலையோ சம்பந்தமோ பறிபோயிருந்தால், அறிக்கை எழுதியவருக்கும் அதைப் பரப்பியவருக்கும் சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம் அனுப்பலாம். வாட்ஸ்அப்பில் வந்த செய்திகளை அழித்துவிடாதீர்கள், அனுப்பியவர் பெயரும் நேரமும் தெரியும்படி ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வையுங்கள், வழக்கு என்று போனால் சட்டத்தரணி முதலில் கேட்பது அதைத்தான்.